தேங்காய் எண்ணெய்க்கு ஒரு முகப்பூச்சு

முதலில் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அது நல்லது. மாத்தளை டவுனில் பார்லர் சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டி, வாசலில் நுழையும்போதே ஆளின் சருமம் இன்ன வகை என்று சொல்லிவிடுவேன் எனப் பெயரும் வாங்கி வைத்திருந்த நான், ஒருமுறை தேங்காய் எண்ணெய்க்கு முகப்பூச்சு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். முகத்துக்கு அல்ல, எண்ணெய்க்கு. முகம் பாவம், அந்த எண்ணெய்க்குக் கீழே சும்மா இருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளே, உங்களோடு ஒரு தம்பியும் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள், அவருக்கும் வணக்கம். மற்றவர்களின் முகத்துக்கு மேலே குனிந்து குனிந்தே வாழ்ந்த என் கழுத்து ஒருநாள் நிமிர மறுத்துவிட்டதால் நான் ஓய்வு பெற்றேன். வைத்தியர் அதற்கு நீளமான பெயர் ஒன்று வைத்திருக்கிறார். நான் அதைத் தொழில்பக்தி என்று சொல்லிவருகிறேன். வீட்டில் போட்டுக்கொள்ளும் முகப்பூச்சைப் பற்றி, எந்தச் சருமத்துக்கு எது என்று நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நாலு வார்த்தைக்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எண்ணெய் வழியும் முகத்துக்கு முல்தானி மண். வறண்ட முகத்துக்குத் தேன், தயிர், கற்றாழை. நெற்றியும் மூக்கும் வழிந்து கன்னம் மட்டும் வறண்டிருந்தால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று. தொட்டதற்கெல்லாம் சிவக்கும் முகத்தை அதன் பாட்டில் விட்டுவிடுவது. எதைப் போட்டாலும் முதலில் தாடைக்குக் கீழே கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது. மண்ணை வெடிக்கும்வரை காயவிடாமல் ஈரம் இருக்கும்போதே கழுவி, மேலே ஒரு கிரீம் தடவுவது.

முடிந்தது பாடம். இதைத் தெரிந்தவரெல்லாம் நிபுணர் என்றால் மாத்தளையில் போன் வைத்திருக்கும் எல்லோரும் நிபுணர்தான். அவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மூருக்கென்று கூடுதலாக ஒரு சோதனையும் உண்டு. வீதி நெடுக வாசனைத் திரவியத் தோட்டங்கள் இருப்பதால், கறிக்குப் போடுவதையெல்லாம் கன்னத்துக்கும் போடலாம் என்று ஊரே நம்புகிறது. கறுவாப்பட்டைத் தூளைத் தேனில் குழைத்துப் பூசி, அது எரிய எரிய, "வேலை செய்யுது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் பிறகு என்னிடம் வந்திருக்கிறார்கள். எரிந்தால் கழுவ வேண்டும். இதைச் சொல்லச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் சான்றிதழ் மாட்டியவள் சொன்னால்தான் கழுவுகிறார்கள். நம் படிப்பின் பயன் அவ்வளவுதான்.

இனி எண்ணெய்க் கதைக்கு வருகிறேன்.

எல்கடுவ மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்தவள் மெர்சி. கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அவளுடைய அம்மா ஸ்டெல்லா அக்கா அவளை என் பார்லருக்குக் கூட்டிவந்தார். நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து, "பொண்ணு நல்ல பொண்ணு, கலர்தான் கொஞ்சம் மட்டு" என்று யாரோ சொல்லிவிட்டுக் கேக் தின்றிருக்கிறார்கள். கேக் தின்றவர் மறந்திருப்பார். ஸ்டெல்லா அக்காவுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

"கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல அவங்க ஆளுக எல்லாரும் வருவாங்க மிஸ். ஒரு வார்த்த சொல்லாத மாதிரி ஆக்கிக் குடுங்க," என்றார்.

அந்த இடத்தில் புத்தியுள்ள ஒருத்தி, "உங்க பொண்ணுக்கு ஒரு குறையும் இல்ல, போயிட்டு வாங்க" என்றிருப்பாள். நான் விளக்கைத் திருப்பி மெர்சியின் முகத்தில் அடித்தேன். நெற்றி மினுங்கியது. மூக்கு மினுங்கியது. கன்னத்தில் என் விளக்கையே பார்க்க முடிந்தது. "ஒய்லி ஸ்கின்," என்று தீர்ப்புச் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னால் யாரும் மறுத்துக் கேட்பதில்லை. ஒரு பொட்டலம் முல்தானி மண்ணைக் கொடுத்து, பன்னீரில் கரைத்து வாரம் ஒருமுறை போடச் சொல்லி அனுப்பினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அன்று கடையில் கூட்டம். கூட்டம் இருக்கும் நாளில் நமக்கு நம் மேலேயே ஒரு மரியாதை வந்துவிடும், கவனமாக இருங்கள்.

கல்யாணம் சனிக்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை காலையில் கடையைத் திறந்த கையோடு குடும்பமே வந்து நின்றது. மெர்சி, ஸ்டெல்லா அக்கா, மெர்சியின் அப்பா சூசை அண்ணன், வத்தளையிலிருந்து கல்யாணத்துக்கு வந்திறங்கியிருந்த பெரியம்மா. மெர்சி சால்வையால் முகத்தை மூடியிருந்தாள். விலக்கியபோது என் கையிலிருந்த சாவி மேசையில் விழுந்தது. கன்னம் இரண்டும் பழைய சுவரில் சுண்ணாம்பு உரிவதுபோல உரிந்து, உரிந்த இடமெல்லாம் சிவந்திருந்தன. வாயைச் சுற்றி வெடிப்பு.

"நீங்க சொன்ன மாதிரியேதான் போட்டேன் மிஸ்," என்றாள்.

நம் தொழிலில் இதைவிடப் பயங்கரமான வாக்கியம் கிடையாது.

"வாரத்துக்கு ஒருக்காதானே சொன்னேன்?"

"ஒருக்கா போட்டா எங்க வெளுக்கப் போகுதுன்னு பெரியம்மா போன்ல வொய்ஸ் போட்டாங்க. இந்த வாரம் தெனமும் போட்டேன். பன்னீருக்குப் பதிலா எலுமிச்ச புழியச் சொன்னாங்க."

பெரியம்மா அசையவில்லை. "எலுமிச்ச பித்தளச் சட்டில உள்ள கறையவே எடுக்குது. மொகத்துல உள்ளத எடுக்காதா?"

"எடுத்துருச்சுங்கக்கா, பாருங்க," என்றேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நிமிடம் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். எலுமிச்சை, தினமும் பூச்சு, வத்தளைப் பெரியம்மா. பழியைத் தூக்கிவைக்க இவ்வளவு அகலமான தோள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பெரியம்மாவின் மேல் எல்லாவற்றையும் ஏற்றி, ஒரு சொற்பொழிவு நடத்தி அனுப்ப வாயைத் திறந்தேன். அப்போதுதான் கதவோரம் குடையோடு நின்ற சூசை அண்ணனைப் பார்த்தேன்.

சூசை அண்ணனுக்குத் தேயிலை ஃபெக்டரியில், கொழுந்து காயவைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வேலை. டவுனுக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், வழக்கமாக அவர் முகத்தில் அப்பளம் பொரிக்கலாம். அன்றைக்கு அந்த முகம் கோயில் திருவிழாவுக்குக் கழுவி வைத்த புனிதர் சுரூபம் மாதிரி இருந்தது. கரும்புள்ளி இல்லை, வழிசல் இல்லை. இத்தனை வருடம் எங்கே இருந்தது இந்த முகம் என்று கேட்கத் தோன்றியது.

"அண்ணே, நீங்க மொகத்துக்கு என்ன போட்டீங்க?"

அவர் குடையை இடமும் வலமும் மாற்றினார். "புள்ள கரைக்கிறதுல மிச்சம் வைக்குங்க மிஸ். வீசுறதுக்கு மனசு வரல. ஞாயித்துக்கெழமைல கொஞ்சம் எடுத்து… இந்த வாரம் எலுமிச்ச புழியுறதுக்கு முந்தியே எடுத்துட்டேன். அது எரியும்னு தெரியும்."

"கோப்பையத் தூக்கிக்கிட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னுக்குப் போயிருவாருங்க," என்றார் ஸ்டெல்லா அக்கா. "நான் மகளை நெனச்சு அழுவுறாருன்னு இருந்தேன்."

மெர்சி மட்டும் சிரிக்கப் பார்த்து, வெடிப்பு இழுக்க, வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதே மண், அதே கோப்பை, இரண்டு முகம். அப்பா முகத்தில் அது செய்திருப்பது நல்ல வேலை. மகளுடையதும் எண்ணெய் முகம்தான் என்றால், எலுமிச்சை வருவதற்கு முன் அதிலும் அதையேதான் செய்திருக்க வேண்டும். எனவே நான் கேட்கவே விரும்பாத கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது.

"மொதல் தடவ போட்டப்ப எப்படி இருந்துச்சு புள்ள? பன்னீர்ல போட்டப்ப?"

"அப்பவே புடிச்சு இழுத்துச்சு மிஸ். கழுவின பொறகும் சிரிக்க முடியல. நல்ல மருந்துன்னா அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

எண்ணெய் வழியும் முகம் அப்படி இழுக்காது. அவள் நெற்றியில் விரலை வைத்தேன். கடதாசி. மலைக்காற்றில் காய்ந்து, சவர்க்காரத்தால் கழுவிக் கழுவி இன்னும் காய்ந்த, கலப்படமில்லாத வறண்ட சருமம்.

"மொத நாள் இங்க வரும்போது தலைக்கு எண்ணெய் வச்சியா?"

பதிலை ஸ்டெல்லா அக்கா சொன்னார், அதுவும் பெருமையாக. "வைக்காம டவுனுக்குக் கூட்டிட்டு வருவேனா மிஸ்? பரட்டத் தலையோட பார்லருக்கு வந்தா நீங்கதான் என்ன நெனப்பீங்க? நல்லா வழிய வழிய வச்சு இறுக்கிப் பின்னித்தான் கூட்டியாந்தேன்."

நியாயம்தான். அழகு செய்யும் இடத்துக்கு அலங்கோலமாகப் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் மரியாதை. வீடு கூட்ட ஆள் வருகிறாள் என்றால் அதற்கு முன் வீட்டைக் கூட்டி வைப்பவர்கள் நாங்கள். எல்கடுவக் குளிரில் வைத்த எண்ணெய், மழைக்காக ஷட்டர் இறக்கிய பஸ்ஸுக்குள் உருகி, ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, மாத்தளை வெக்கையில் மெர்சியின் கன்னம்வரை வந்து சேர்ந்திருக்கிறது. அதைத்தான் நான் விளக்கடித்துப் பரிசோதித்து, ஆங்கிலத்தில் பெயரும் சொல்லியிருக்கிறேன்.

இதில் உங்களுக்கான செய்தி, வந்தவரின் முகத்தை முதலில் வெறும் தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள் என்பதுதான். பிறகு கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுங்கள். அதற்குப் பிறகு ஒரு டிஷ்யூவை நெற்றியிலும் கன்னத்திலும் ஒற்றிப் பாருங்கள். அன்றைக்கு என் மேசையிலும் டிஷ்யூப் பெட்டி இருந்தது. அதில் நான் என் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என் தப்பை நான் சொல்லி முடிக்கும்முன் பெரியம்மா கைப்பைக்குள்ளிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். லேபல் இல்லை, செய்தவர் பெயர் இல்லை, தேதி இல்லை.

"பழச விடுங்க தங்கச்சி. இத ராவைக்குப் பூசினா வெள்ளிக்கிழமைக்கு மொகம் பால் மாதிரி ஆயிரும். எங்க பக்கத்துல கல்யாணப் பொண்ணுகளுக்கெல்லாம் இதுதான். செவப்பும் போகும், கலரும் வரும். ரெண்டு வேல."

ஸ்டெல்லா அக்கா என் முகத்தைப் பார்த்தார். "பூசலாமா மிஸ்?"

இவ்வளவு கதையும் இந்தக் கேள்விக்காகத்தான் தங்கைகளே. அந்த மாதிரி டப்பாக்களை எனக்குத் தெரியும். பெரியம்மா சொன்னது பொய்யும் இல்லை. பெரும்பாலும் சொன்னபடியே ஆகும். சிவப்பு அடங்கும், முகம் வெளுக்கும், சனிக்கிழமை எல்லோரும் பாராட்டுவார்கள். கூடவே என் முல்தானி மண்ணின் தடயமும் அழிந்துபோகும். பிறகு நடப்பது பிறகு. பிறகு நடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். சீகிரியாப் பக்கம் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் நின்ற பிள்ளை ஒன்று, பெயரில்லாத இப்படி ஒரு டப்பாவை மாதக்கணக்கில் பூசிவிட்டு என்னிடம் வந்தாள். தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, கன்னத்து நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. வெயிலில் பஸ்ஸுக்கு நிற்க முடியவில்லை. பூசுவதை நிறுத்தினால் முகம் நெருப்பாக எரிகிறது என்று மறுபடி பூசிக்கொண்டிருந்தாள்.

இரண்டு இரவுதானே என்று என் மனம் சொன்னது. என் மனம் எப்போதும் வியாபாரிகளின் பக்கம். இரண்டு இரவில் பால் மாதிரி ஆன முகத்தை மூன்றாவது இரவு யார் விடுவார்கள்?

நான் வாய் திறப்பதற்குள் மெர்சி பேசினாள். அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. முகம் அவளுடையது என்பது எங்கள் நாலு பேருக்கும் மறந்துபோயிருந்தது.

"பெரியம்மா, எனக்கு வெளுக்க வேணாம். எரியுது. கண்ணீர் பட்டாக்கூட எரியுது. சனிக்கிழம கோயில்ல எரிச்சல் இல்லாம நின்னாப் போதும். அதுக்கு ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"இருக்கு," என்றேன். "ஒண்ணும் போடாம இருக்கணும்."

"அதுக்கா பார்லருக்கு வந்தோம்?" என்றார் பெரியம்மா.

அவர்களைத் தோல் வைத்தியரிடம் அனுப்பினேன். நானும் கூடப் போனேன். டப்பாவையும் கொண்டுவரச் சொன்னேன். பெரியம்மா அதைக் கைப்பைக்குள் போட்டு, பையைக் கமக்கட்டுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார், கடைசிவரை வெளியே எடுக்கவில்லை. வைத்தியர் சின்ன வயதுப் பெண். வெறும் தண்ணீர், வாசனையில்லாத ஒரு களிம்பு, வேறொன்றும் வேண்டாம், கன்னத்தில் பவுடரும் வேண்டாம் என்றார். பிறகு நிமிர்ந்து, "இந்த மண்ணை யார் குடுத்தது?" என்று கேட்டார்.

மெர்சி என்னைப் பார்க்காமல், "சரியா ஞாபகம் இல்ல டொக்டர்," என்றாள். நான் சுவரில் இருந்த டெங்கு ஒழிப்பு அறிவித்தலை மிகுந்த அக்கறையோடு வாசித்தேன்.

சனிக்கிழமை விடியும்போதே என் பெட்டியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். உரிவது நின்றிருந்தது. எரிச்சல் இல்லை என்றாள். சிவப்பு மட்டும் கன்னத்தில் லேசாக மிச்சமிருந்தது. கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம், தலைக்குப் பூ, வேலை முடிந்துவிட்டது. ஆனால் வாசலில் ஸ்டெல்லா அக்கா. அவருக்குப் பின்னால் பவுடர் பஞ்சைக் கையில் ஏந்தியபடி பெரியம்மா. நான் பெட்டியை மூடினால் அந்தப் பஞ்சு உள்ளே வரும் என்று தெரிந்தது.

எனவே பெட்டியை மூடவில்லை. இருந்த டப்பாக்களையெல்லாம் திறந்து மேசையில் பரப்பினேன். பெரிய பிரஷ்ஷை எடுத்தேன். எதிலும் தொடாமல், மெர்சியின் கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி, காற்றில் தடவத் தொடங்கினேன். வலது கன்னம். பிறகு இடது. எட்ட நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தலையை ஆட்டி, மறுபடி வலது. என் வாழ்க்கையில் அவ்வளவு நுணுக்கமாக நான் வேலை செய்ததே இல்லை.

"என்ன மிஸ் செய்றீங்க?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள் மெர்சி.

"பேசாம இரு. பவுண்டேஷன் போடுறேன்."

"பிரஷ்ல ஒண்ணுமே இல்ல."

"அதுதான் ஒங்க டொக்டர் சொன்ன பவுண்டேஷன். சிரிக்காத, கலைஞ்சிரும்."

அவள் சிரித்தாள். இந்தமுறை எதுவும் வெடிக்கவில்லை. வாசலிலிருந்து பெரியம்மா, "ம், இப்பத்தான் ஒரு களை வருது," என்றார். "அந்த எடது பக்கம் இன்னும் கொஞ்சம் போடுங்க." போட்டேன். பஞ்சு திரும்பிப் போனது.

ஒன்றும் செய்யாமல் இருப்பது நம் தொழிலிலேயே கடினமான வேலை. அதைவிடக் கடினம், செய்துகொண்டிருப்பதாகக் காட்டிக்கொண்டே செய்யாமல் இருப்பது. அதற்கு எந்த வகுப்பும் இல்லை. என் கழுத்து பிடித்துக்கொள்ளத் தொடங்கியதும் அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். காற்றும் கனமானதுதான் போல.

கோயிலில் பாதர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மெர்சி கணீரென்று பதில் சொன்னாள். கன்னத்தில் மிச்சமிருந்த சிவப்பை மாப்பிள்ளை வீட்டார் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. கலரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. யாராவது திறந்திருந்தாலும் ஸ்டெல்லா அக்காவுக்குக் கேட்டிருக்காது, அவர் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை அழுதுகொண்டிருந்தார். மண்டபத்தில் நாலைந்து பெண்கள் சூசை அண்ணனைச் சுற்றிக்கொண்டு, முகத்துக்கு என்ன பாவிக்கிறீர்கள் என்று விசாரித்தார்கள். அவர் ஒன்றுமில்லை, கடவுள் கிருபை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு வரிசையில் நான் தட்டோடு நின்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம். யாராவது வந்து, பொண்ணுக்கு யார் அலங்காரம் என்று கேட்டால் எவ்வளவு அடக்கமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர், கோழித் துண்டுகளில் பெரியதைத் தேடிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு எவ்வளவு லட்சணமா இருக்கு பாத்தீங்களா? இந்தக் காலத்துல யாருங்க மொகத்துல ஒண்ணும் பூசாம இப்படி வுடுறாங்க? நல்லவேள, இவங்க ஊருல பார்லர் ஒண்ணும் இல்ல போல."